பொழுது சாய்வதற்குள்

3.11.2025, திங்கள். திண்டிவனம்.
கடிகாரம் ஓடுகிறது. அக்காவின் போனைக் கையில் பிடித்து, நான் எழுதிய செயலியில் விநாடிகள் மாறுவதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இன்றைய அஸ்தமன நேரம். அக்காவுக்குப் பார்வை மங்கல், அதனால் எழுத்து திரை முழுக்க. போனின் சொந்த நேரம் மேலே தெரிந்தால் குழம்புவாள் என்று அதை மறைத்துவிட்டேன்.

மேல்சித்தாமூர் சமண மடத்தில் அவள் எடுத்த விரதம். நாற்பது ஆண்டாக, பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடாதவள்.

"எழுவத்தோரு வயசுல கடியாரம் பண்ணிக்கினு கீறாரு, கணக்கு வாத்தியாரு" என்று சிரித்தாள்.

6.11, வியாழன்
முன்பு பயந்து ஐந்துக்கே கை கழுவிவிடுவாள். இப்போது கடைசி நிமிடம்வரை நிதானமாகச் சாப்பிடுகிறாள். என்னை நம்பித்தானே?

13.11, வியாழன்
மழை இருட்டு. கடைசித் துண்டு இட்லியை அக்கா வாயில் வைக்கும்போது அவள் போனில் 5.32. என் கைக்கடிகாரத்தில் 5.43. அஸ்தமனம் 5.41.

என் கைக்கடிகாரம்தான் தவறாக இருக்க வேண்டும் என்று வானொலிச் செய்தி வரும்வரை காத்திருந்தேன். கைக்கடிகாரம் சரிதான்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

14.11, வெள்ளி
விழுப்புரம் போனேன். கணினி மையத்தில் எனக்குக் கற்றுத்தந்த சித்ரா பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆப்பைத் தொறக்கும்போது ஒரு தடவதான் நேரத்தை வாங்குறீங்க சார். அப்புறம் ஒண்ணு ஒண்ணா நீங்களே கூட்டிக்கினு போறீங்க. ஸ்கிரீன் அணைஞ்சா அதுவும் தூங்கிடும். முழிச்சா விட்ட எடத்துலேர்ந்து எண்ணும். ஒவ்வொரு விநாடியும் போனைக் கேளுங்க சார்."

நான் சோதித்தபோதெல்லாம் போன் என் கையில், வெளிச்சமாக. அக்கா மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். இது எனக்குத் தோன்றவே இல்லையே!

அரை மணியில் திருத்தியாயிற்று. போன பதினோரு நாளை எப்படித் திருத்துவது?

15.11, சனி
போன வருடம் விரதத்தில் நேர்ந்த ஒரு சின்னப் பிழைக்குப் பரிகாரமாக, தண்ணீர்கூட இல்லாமல் மூன்று நாள் உபவாசம் இருந்து மயங்கி விழுந்தாள். வயது எழுபத்தெட்டு. சர்க்கரை வேறு. சொன்னால் திரும்பவும் அதைத்தான் செய்வாள்.

சொல்லாமல் விட்டால்? அது அவளுக்கு நல்லதா, எனக்கா? டேய், உனக்குப் பயம். அவ்வளவுதான்.

16.11, ஞாயிறு
சொல்லிவிட்டேன்.

"எத்தினி நாளு?"

"பதினொண்ணு."

"உனக்குத் தெரிஞ்சி எத்தினி நாளு?"

"மூணு."

போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "பதினோரு நாளு உன் கடியாரத்தால. இந்த மூணு நாளு உன்னால" என்றாள்.

நாளை உபவாசம். ஒரு நாள்.

"தண்ணியாவது அக்கா—"

"குடிக்கிறேன்டா. சாவறதுக்கா விரதம் எடுத்தேன்?"

17.11, திங்கள்
டாக்டரைக் கேட்டு இன்று மாத்திரை கொடுக்கவில்லை. சர்க்கரை காலை 118. மதியம் 96. நாலு மணிக்கு 81. வெல்லத்தண்ணீர் கரைத்து அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவள் கண்ணை மூடினாலே எழுந்துபோய் மூச்சைப் பார்க்கிறேன்.

18.11, செவ்வாய்
காலையில் கஞ்சி குடித்தாள்.

மாலை ஐந்துக்கே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டாள். போனைத் தொடவில்லை. எனக்கு நேற்றிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை.

"ஏண்டா, உன் கடியாரத்துல பொழுது சாய இன்னும் எத்தினி நிமிசம் கீது?"

போனைப் பார்த்தேன். கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன்.

"பதினாலு, அக்கா."

"செரி, ஒக்காரு" என்று எனக்குத் தட்டு வைத்தாள்.