எறும்புப் பெட்டியும் இடிப் பெட்டியும்

4-4-1960, திங்கள்

வெள்ளிக்கிழமை முதல் எங்கள் சத்தியவேடு மதராஸ் ராஜ்யத்தில் இல்லை, ஆந்திராவில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. என் இடது பாதம்தான் இல்லை. பஸ்ஸுக்கு அடியில் ஜாக்கி நழுவி முழங்காலுக்குக் கீழே அடித்தது பொங்கலன்று. எலும்பு கூடிவிட்டது. பாதம் மட்டும் ஈரத்துணி போலத் தொங்குகிறது. கிளட்ச்சை மிதிக்க முடிகிறது, மிதித்த காலைத் தூக்க முடியவில்லை. தூக்க முடியாதவன் டிரைவரா?

பஸ் முதலாளி சொன்னார்: "இனிமே மதராஸு எதுக்கு கோவர்த்தனா? திருப்பதிக்கே போ, கரண்டு வெச்சி சரி பண்றாங்களாம். அதுவரிக்கும் கருப்பன் ஓட்டட்டும்."

கருப்பன் என்னிடம் கிளீனராக இருந்தவன். என் சீட்டில் உட்காருகிறான். வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

8-4-60

திருப்பதி. ஆஸ்பத்திரியில் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியின் கம்பியை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஊர்ந்ததோடு சரி, பாதம் அசையவில்லை. பெட்டியை இயக்குகிற வெங்கடராவ் கடப்பாக்காரர், தமிழ் தெரியாது. உதட்டைப் பிதுக்கினார். அதற்குத் தமிழும் வேண்டாம், தெலுங்கும் வேண்டாம்.

22-4-60



இன்று இரண்டாவது பெட்டி. இது ஊராது, இடிக்கும். விட்டு விட்டு இடி. கட்டியிருந்த பட்டையின் ஓரத்தில் திடீரென்று எரிய ஆரம்பித்தது. வெங்கடராவ் குமிழைத் திருப்பிக்கொண்டே "சாலா?" என்றார். போதுமா என்கிறார். பஸ்ஸில் நாளெல்லாம் தெலுங்கு பேசுகிறவன்தான் நான். வலியில் எந்தத் தெலுங்கு வரும்? எரிகிற இடத்தைக் காட்டி "இங்க, இங்க" என்றேன். அவர் ஊரில் 'இங்க' என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். ஆசாமி தலையாட்டிவிட்டு இன்னும் திருப்பினார். நான் மறுபடி "ஐயோ, இங்க" என்றேன். மறுபடி திருப்பினார்.

அப்போதுதான் பாதம் எழுந்தது. என் பாதம்தான். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

திரும்பும்போது பஸ் முழுக்கச் சொன்னேன். முதலாளியிடம் சொன்னேன். சுலோசனா அழுதுவிட்டாள். பெண்டாட்டி அழுதால் எனக்குக் கோபம் வரும், இன்று வரவில்லை.

29-4-60

போச்சு.

பட்டை இருந்த இடத்தில் கொப்புளம். சித்தூரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற ஜெயகுமாரி சிஸ்டர் மருந்து போட்டார். தமிழ் பேசுகிறவர். பாதம் எழுந்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அது கால்வானிக் கரண்டுங்க. நரம்பு செத்திருந்தாலும் தசையப் புடிச்சி அதுவே ஆட்டும். மொதல்ல வெச்சாங்களே, ஊர்ற மாரி, பாரடிக் கரண்டு? அதுக்குக் காலு அசைஞ்சாதான் நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

அப்படியானால் எழுந்தது என் பாதம் இல்லையா? பெட்டி தூக்கியதா? பின்னே எதுக்குடா அந்தப் பெட்டியை வெச்சி இடிக்கிறீங்க? கேட்டேவிட்டேன், மரியாதையாகத்தான்.

"நரம்பு திரும்பி வந்தா வரும். வர்ற வரிக்கும் தசை சுருங்கிடக் கூடாதில்ல? அதுக்குத்தான்."

வந்தா. அந்த 'தா' எனக்குப் பிடிக்கவில்லை.

6-5-60

சுலோசனாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இன்று அழவில்லை. அதுதான் தாங்கவில்லை.

20-5-60

முதலாளி பஸ்ஸைக் கருப்பனுக்கே கொடுத்துவிட்டார். "கால் எழுந்ததுன்னு நீதான சொன்ன?" என்று கேட்டார். என்னைப் பொய்யன் என்று நினைக்கிறார். உட்கார்ந்தே செய்கிற வேலை ஏதாவது பார்க்கலாம் என்கிறார். பதினெட்டு வயதிலிருந்து உட்கார்ந்துதானே ஐயா வேலை செய்கிறேன்?

3-6-60

இடிப் பெட்டியால் ஒரு நன்மை. பொங்கலிலிருந்து காலில் இருந்த குடைச்சல் போய்விட்டது. நன்றாகத் தூங்குகிறேன். எறும்புப் பெட்டிக்கு இன்றும் பதில் இல்லை. ஒன்று வலியை எடுத்தது, இன்னொன்று நம்பிக்கையை எடுக்கிறது. வெங்கடராவ் இப்போதெல்லாம் குமிழைத் தொடுமுன் "எரியுதா?" என்று தமிழில் கேட்கிறார். பாவம், நல்ல மனிதர்.

8-7-60

என்ன எழுதுவது?

திரும்புகையில் கருப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அவன் கியர் போடும்போதெல்லாம் என் இடது காலும் பலகையை மிதிக்கிறது. பழக்கதோஷம். நாகலாபுரம் தாண்டி ஒரு மாட்டு வண்டிக்காக அவன் கியர் மாற்றினான். நானும் மிதித்தேன். விட்டபோது பாதம் மேலே வந்தது.

கம்பி இல்லை, பெட்டி இல்லை. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"இன்னாண்ணே, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றான் கருப்பன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

சுலோசனாவிடம் சொல்லவில்லை. போன தடவை ஊரையே கூட்டிச் சொன்னவன் நான். அவள் அடுப்படியில் இருக்கிறாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழு என்கிறேன். எழுகிறது.