மாசி மகத்தன்னைக்கு மலையில் யாரும் இல்லை

நரிக்குன்று இருளர் காலனி,
செங்கல்பட்டு தாலுகா.
பங்குனி 22.

பாரஸ்டர் சார் அவர்களுக்கு,

நரிக்குன்று எல்லன் சொல்லச் சொல்ல, மகள் கண்ணகி எழுதுவது. இங்கே யாரும் சுகமாக இல்லை. நீங்க திருநெல்வேலிப் பக்கம் ரேஞ்சர் ஆகி சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அட்ரஸ் கொடுத்தது உங்க பழைய ஆபீஸ் வாட்ச்மேன். அவர் மேல் கோவப்பட வேண்டாம். கோவம் இங்கேயே நிறைய இருக்கிறது.

ஜில்லாவை ரெண்டாக உடைத்து, செங்கல்பட்டு பேரை எடுத்துவிட்டு, காஞ்சிபுரம் என்று எழுதினார்களே, அதற்கு அடுத்த மாசி மாசம். டெல்லிக்கு ஓட்டுப் போட்ட மை இன்னும் நகத்தை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அந்த மாசம் நடந்ததை நீங்க மறந்திருப்பீங்க. நீங்க எல்லாத்தையும் நோட்டில் எழுதி வைக்கிற ஆளு. எழுதி வைத்தவருக்கு மறந்து போகலாம். எனக்கு எழுத்து தெரியாது, அதனால் மறக்கவும் வழியில்லை.

அதற்கு முந்தின வருசம்தான் தீத்தடுப்பு என்று சொல்லிக்கினு காலனிக்கு வந்தீங்க. புளியமரத்தில் ஆணி அடித்துப் படம் மாட்டினீங்க. படத்தில் ஒருத்தன் காட்டுக்குத் தீ வைக்கிறான், கோவணம் கட்டியிருக்கிறான். அது யாரு என்று நான் கேட்டேன். சும்மா ஒரு ஆளு என்றீங்க. பேண்ட்டு போட்டவன் பீடி குடிக்க மாட்டானா, அவன் நெருப்பு இன்னா சுடாதா என்று என் பொண்டாட்டி அமிர்தவல்லி கேட்டாள். காலனியே சிரித்தது. அடுத்த வாரம் அந்தக் கோவணத்து மேல் நீலப் பேனாவால் பேண்ட்டு வரைந்து எடுத்துவந்தீங்க. அன்னைக்குத்தான் உங்களை நம்பினோம். நம்பாமல் இருந்திருக்கலாம்.

தை மாசத்தில், புல்லு மேல் பனி இருக்கும்போதே, ரெண்டு ஆள் அகலத்துக்குக் கோடு போட்டு எரித்துவிட வேண்டும், மத்தியானம் கடல் காத்து மலை ஏறுவதற்குள் அணைத்துவிட வேண்டும், அப்புறம் பங்குனியில் வருகிற தீக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது என்று உங்களுக்குக் காட்டியது யாரு? நான். எலி வளையில் புகை ஊதுகிற ஓட்டைப் பானையில் நெருப்புக் கங்கை எப்படிக் கீழே சிந்தாமல் கொண்டுபோவது, வேலை முடிந்ததும் எப்படி மண்ணுக்குள் புதைப்பது என்று காட்டியது ரஞ்சித்குமார். வேடந்தாங்கல் பக்கத்துப் பையன், அப்போது கண்ணகிக்குப் பேச்சுக்கூட எடுக்கவில்லை. அவன் பானையை நீங்கதான் கேட்டு வாங்கினீங்க. பெரிய ஆபீசருங்க வந்தால் காட்டணும் என்று மலை மேலே காவல் கொட்டகையில் மாட்டி வைத்தீங்க. இதை நோட்டில் எழுதினீங்களா?

அந்த வருசம் நான், அமிர்தவல்லி, என் அண்ணன் மகன் ராஜாராம், ரஞ்சித்குமார், நாலு பேரும் தீக்காவல். மாசி மகம் வந்தது. அன்னைக்கு எங்க ஜனம் எங்கே இருந்தாலும் மகாபலிபுரம் கடற்கரைக்குப் போய் கன்னியம்மாவைக் கும்பிடும். கல்யாணப் பேச்சு எடுப்பதும் அந்த மணலில்தான். உங்களிடம் லீவு கேட்டோம். காய்ந்த மஞ்சம்புல்லு இடுப்பளவு நிற்கிறது, காவலுக்கு வேற ஆளு போடுங்க சார் என்று நானே சொன்னேன். ஒரு நாள்தானே, போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன் என்றீங்க. உங்க பாரஸ்ட் கார்டு தேவசகாயம் பக்கத்தில் நின்று கேட்டார். பேப்பரில் எழுதிக் கொடுங்க என்று கேட்க எங்களுக்குத் தோணவில்லை. அப்புறம் பாத்துக்கிறேன் என்ற நீங்களே எங்களோடு பஸ் ஏறினீங்க. நான் வேணாம் என்றா சொன்னேன்? சந்தோசப்பட்டேன், முட்டாப்பய.

மணலில் உட்கார்ந்து அமிர்தவல்லி கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டீங்க. காரம் தாங்காமல் மூக்கு ஒழுக, ஏசுபாதம் கடையில் டீ வாங்கிக் குடித்தீங்க. பாரஸ்டருக்கே தீப்புடிச்சிச்சி என்று ராஜாராம் கத்தினான். கண்ணகிக்கும் ரஞ்சித்குமாருக்கும் பேச்சு முடிந்து வெத்திலை மாற்றியபோது நீங்க சாட்சி மாதிரி நடுவில் நின்றீங்க.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கினால் மலை கருப்பாக நிற்கிறது.

நான் மேலே ஏறிப் பார்த்தேன். அடிக்கட்டையெல்லாம் மேல்பக்கம் தட்டு மாதிரி சமமாக இருந்தது. நெருப்பில் வெந்த மரம் அப்படி இருக்காது. ரம்பம் போட்ட மரம்தான் அப்படி இருக்கும். எவனோ வெட்டி லாரியில் ஏத்திவிட்டு, மறைக்கத் தீ வைத்திருக்கிறான். நாங்க யாரும் இருக்க மாட்டோம் என்று தெரிந்த நாளாகப் பார்த்து வைத்திருக்கிறான். உங்களுக்கும் காட்டினேன். பார்த்தீங்க.

அன்னைக்குச் சாயங்காலம் நீங்க எங்க வூட்டு வாசலுக்கு வந்து அழுததை எழுத வேணாம் என்று கண்ணகி சொல்கிறாள். எழுது என்கிறேன். லீவு கொடுத்தது வெளியே வந்தால் வேலை போயிடும், இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை, தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது என்றீங்க. மலையில் இருந்தோம், தீயை அணைக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்க என்றீங்க. அமிர்தவல்லி, பாவம், நம்ம கையால் சாப்பிட்ட புள்ளை என்றாள். கன்னியம்மா பேரில் சத்தியம் கேட்டீங்க. உங்க பேரை எந்த ஆபீசிலும் எடுக்க மாட்டேன் என்று உங்க கையில் அடித்துக் கொடுத்தேன். எங்க ஜனத்தில், வாங்கினவர் விட்டால்தான் அந்தச் சத்தியம் விடும்.

அப்போ இருந்த ரேஞ்சர் கேட்டார். நாலு பேரும் மலையில்தான் இருந்தோம் என்றேன். மலையில் உங்களைத் தவிர எவனும் இல்லை, கொட்டகையில் எலிப்பானை இருக்கிறது, அப்போ தீ வைத்தது யாருடா என்றார். பானை யாருது என்றார். ரஞ்சித்குமார் என்னுது என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். அதற்கே கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது வலது காது செத்துப்போயிருந்தது. இன்னைக்கும் கண்ணகி இடது பக்கம் நின்றுதான் அவனைக் கூப்பிடுகிறாள். அந்தக் காட்டுப் பாறையில் எலி எங்கே இருக்கு, எலி நெல்லு வயலில் இருக்கு என்று ஒருத்தர் சொல்லவில்லை. நீங்க சொல்லியிருக்கலாம். உங்களுக்குத் தெரியும், நாங்கதான் சொல்லிக் கொடுத்தோம். மூணே மாசத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனீங்க.

ஏழு வருசமாக ரஞ்சித்குமாருக்கு வாய்தா. வாய்தா அன்னைக்கு அவனுக்கு எங்கேயும் வேலை கிடையாது. போன தையில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். மாசி மகம், மலையில் யாரும் இல்லை, எல்லாரும் மகாபலிபுரத்தில் இருந்தோம் என்று உண்மையைச் சொன்னேன். அப்போ அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா பெரியவரே என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். அன்னைக்கு யாருக்காகப் பொய் சொன்னே என்று கேட்டார். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் நாக்கு வரைக்கும் வந்தது. உங்க பேரு அது. முழுங்கினேன். கோர்ட்டே சிரித்தது. கீழே நின்ற என் மகள் சிரிக்கவில்லை. வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. இதையும் அவளேதான் எழுதுகிறாள்.

சித்திரை பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, சாட்சி சொல்லக் கடைசி நாள். அதற்கப்புறம் தீர்ப்புதான். மாப்பிள்ளை உள்ளே போவான் என்று நம்ம வக்கீலே சொல்லிவிட்டார். மூணு புள்ளைங்க. கடைசிக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

உங்களைக் கெஞ்சி எழுதலாம் என்கிறாள் கண்ணகி. நான் கெஞ்ச மாட்டேன் சார். கெஞ்சினது நீங்க, எங்க வாசலில். ஒண்ணு, பன்னிரண்டாம் தேதி வந்து நீங்களே வாயைத் திறங்க. இல்லாவிட்டால், சத்தியத்தை விட்டேன் என்று ரெண்டு வரி எழுதிப் போடுங்க, நான் திறக்கிறேன். ரெண்டும் இல்லாமல் சும்மா இருந்தால், அந்தப் பாவத்தைக் கன்னியம்மா என்னிடம் கேட்கட்டும், உங்களிடமும் கேட்கட்டும்.

எங்க பேச்சு அங்கே செல்லாது. இருளனுக்கு இருளன் சாட்சியா என்பார்கள். லீவு கொடுத்ததைக் கேட்டவங்களையும் மணலில் எங்களைப் பார்த்தவங்களையும் வேற எங்கே போய்த் தேடுவேன்? ராஜாராம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். கார்டு தேவசகாயம் மஞ்சள் காமாலையில் போனார், நல்ல மனுசன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஏசுபாதம் போன மார்கழியில் கடல் உள்ளே வந்தபோது கடையோடு போனார். அமிர்தவல்லி, அந்தப் புள்ளை வரும் வரும் என்று சொல்லிக்கினே ரெண்டு வருசத்துக்கு முந்தி கண்ணை மூடினாள். கோர்ட்டில் செல்லுகிற வாயில் உயிரோடு மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். அவருக்குக் கை கால் சுகம் குறையக் கூடாது. வழியில் ஒரு முள்ளுகூடக் குத்தக் கூடாது. சித்திரை பன்னிரண்டு வரைக்குமாவது அவர் நல்லா இருக்கணும். அவர் பேரு கோபாலகிருஷ்ணன்.

இப்படிக்கு,
எல்லன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)