நான்காவது புள்ளி

ரோவில்,
செவ்வாய் காலை

அன்புள்ள உங்களுக்கு,

தோசை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பாப்பாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது.

அவளை மடியில் வைத்துக்கொண்டுதான் நேற்று கருத்தரங்கில் நீங்கள் பேசியதை ஆன்லைனில் பார்த்தேன். நார் கலந்த கான்கிரீட் ஒரேயடியாக உடையாமல், சின்னச் சின்னச் சத்தங்களோடு மெல்ல விரிசல் விடுவதை அழகாக விளக்கினீர்கள். ஒவ்வொரு சத்தமும் ஒரு புள்ளியாக விழும் வரைபடத்தின் தொடக்கத்தில் நான்கு புள்ளிகள் இருந்தன. சென்சாருக்குக் கேட்கிறதா என்று பார்க்க, சோதனைக்கு முன் கான்கிரீட் மேல் பென்சில் முனையை உடைப்போமே, அந்தச் சத்தம். லேபில் எல்லோரும் மூன்று முறைதான் உடைப்பார்கள். நான்காவதை வயிற்றிலிருந்த பாப்பாவின் பங்காக உடைத்தது நான் மட்டும்தான்.

கருத்தரங்குக்கு முன், “உன் பழைய சோதனை ஃபைலை அனுப்பு, சும்மா பார்த்துட்டுத் தர்றேன்” என்றீர்கள். கடைசி ஸ்லைடு வரை என் பெயர் வரவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று அதைக்கூட நம்பியிருப்பேன். ஆனால், ஏன் நான்கு என்று ஒருவர் கேட்டார். “அது என் பழக்கம்” என்று சிரித்தீர்கள்.

நாங்கள் பென்டில் ஹில்லுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறோம். அன்று நான் உடைத்த அந்தப் பென்சிலை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். நான்காவது யாருக்கு என்று அடுத்த முறை யாராவது கேட்பார்கள். இப்போதே ஒரு பதில் யோசித்து வையுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா