வெள்ளிக்கிழமை நிறுத்தாத டிரம்

இன்று காலை அடுப்படி அலமாரியின் அடித்தட்டிலிருந்து உங்கள் ரப்பர் டிரம்மை வெளியே எடுத்தேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. பாதி டயர் நாற்றம், பாதி தண்ணீர் வற்றிய கடற்கரைச் சேற்றின் நாற்றம். இரண்டு வருடமாகக் காய்ந்து கிடந்தும் அது போகவில்லை. நாளை உங்கள் தங்கை ரெங்கத்திலிருந்து வருகிறாள். இதையும், இதை உருட்டிக் கல்லுக்கு மெருகேற்றும் மெஷினையும் அவளுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

இதை நீங்கள் வாங்கி வந்த நாளில் நான் போட்ட சத்தம் உங்களுக்கு மறந்திருக்காது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரங்களோடு மாரடித்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கும் ஓர் இயந்திரத்தைத் தூக்கி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இரண்டு உருளைகளின் மேல் படுத்துக்கொண்டு டிரம் ஓயாமல் உருண்டது. முதலில் கற்களைப் போட்டீர்கள். பிறகு சிப்பிகளுக்கு மாறினீர்கள். டெசாரு கடற்கரையில் பொறுக்கி வந்து, பிளீச்சில் ஊறவைத்துக் கழுவி, தண்ணீரும் மாவு போன்ற தேய்ப்புத் தூளும் பிளாஸ்டிக் மணிகளும் சேர்த்து மூடுவீர்கள். “என்ன லா, நாள் பூரா மாவாட்டுறீங்க, ஒரு தோசகூட இந்தப் பக்கம் வரல?” என்று எதிர்வீட்டு அக்கா கேட்டது நினைவிருக்கிறதா? நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு மானம் போனது.

வேலை முடிந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், மெஷினை நிறுத்தி ஒரு சிப்பியை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். “குழம்புல உப்பு பாக்குற மாதிரி இருக்கு,” என்று கேலி செய்வேன். “கல்லுன்னா வாரக்கணக்குல விடலாம்மா. சிப்பி அப்படி இல்ல. அதிகமா விட்டா தேஞ்சே போயிடும்,” என்பீர்கள். பிறகு மறுபடி சுவிட்ச்சைத் தட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவீர்கள்.

ஆறு வருடமாகக் கூப்பிட்டும் நான் உங்களோடு கடற்கரைக்கு வந்ததில்லை. வெயில், மணல், முட்டிவலி என்று ஏதாவது சொல்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னவோ கிளம்பிவிட்டேன். வந்ததற்கு ஒன்றிரண்டு எடுப்போமே என்று குனிந்தவள், துப்பட்டா நிறையச் சேர்த்துவிட்டேன். “அலமாக், கடலையே காலி பண்ணிடுவ போல,” என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவற்றை டிரம்மில் போட்டீர்கள். உங்களுடையது ஒன்றைக்கூடக் கலக்கவில்லை. “இது உன்னோட டிரம். வெள்ளிக்கிழமை எனக்கு டபுள் ஷிப்ட். நீயே ஆஃப் பண்ணிடு, மறந்துடாத. நான் வந்து கழுவி பாலிஷ் போடுறேன்,” என்றீர்கள். நான் சரி என்றேன்.

புதன்கிழமை மதியம் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை.

உங்களைக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தியபோதும் பின்கட்டில் டிரம் உருண்டுகொண்டிருந்தது. தேவாரம் பாட வந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரோ நிறுத்துவதற்கு எழுந்தார்கள். “அதத் தொடாதீங்க!” என்று நான் போட்ட கத்தலில் அழுதுகொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் கிட்டே போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் மறக்கவில்லை. சுவிட்ச்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். இதை நிறுத்திவிட்டால், நீங்கள் ஆரம்பித்து வைத்தது எதுவுமே இந்த வீட்டில் ஓடாது என்று தோன்றியது. விரலை எடுத்துவிட்டேன். அப்புறம் சனி, ஞாயிறு, அடுத்த வாரமும் ஓடியது. உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் எண்ணெய் ஊற்றினேன். பின்கட்டில் இதையும் அணைய விடவில்லை. கலகலவென்று இருந்த சத்தம் நாளாக நாளாக மழுங்கியது. உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தங்கள் கிளம்பியபின், உங்கள் தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அண்ணன் கடைசியா செஞ்சதுல ஒண்ணு எனக்குக் குடுங்க அண்ணி.” அவளுக்காகத்தான் சுவிட்ச்சை அணைத்தேன். இருவரும் சேர்ந்து திறந்தோம். பால்போல வெள்ளைத் தண்ணீர். வடிகட்டிப் பார்த்தோம். பிளாஸ்டிக் மணிகள் அப்படியே இருந்தன. சிப்பிகளைக் காணோம். நகம் வெட்டிப் போட்டதுபோல் சில துண்டுகளும், ஓட்டை விழுந்த நாலைந்து ஓடுகளும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. “விடுங்க அண்ணி, எத்தன நாளுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அது அண்ணனுக்குத்தானே தெரியும்,” என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல் இரண்டு வருடமாக என்னை அரிக்கிறது. நேற்று போனில் அவள் கேட்டாள். “சிப்பின்னா எத்தன நாள் ஓட்டணும்னு அண்ணன் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காரா அண்ணி?” இல்லையென்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பாவம், அவளும் ஆசையாகப் பொறுக்கி வந்து பாழாக்குவாள்.

“மூணு நாள்,” என்றேன். “அதுக்கு மேல விடாத.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தெரியும். வெள்ளிக்கிழமை நிறுத்தச் சொல்லிட்டுத்தான் போனாரு.”

“சரி அண்ணி. நாளன்னிக்கி வர்றேன்,” என்று வைத்துவிட்டாள். கோபமா, புரிந்துகொண்டாளா, தெரியவில்லை. நாளை முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொய்யாகக் கேட்க எனக்கு வரவில்லை. உங்களோடு வந்து நான் பொறுக்கியது அந்த ஒரே ஒரு தடவைதான். பளபளவென்று கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்திருக்க வேண்டியதை நானே அரைத்துக் கொட்டிவிட்டேன். அந்த வருத்தம் என்னோடுதான் இருக்கும். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை இன்னொரு முறை வந்தால், சுவிட்ச் வரைக்கும் போய்விட்டு மறுபடியும் திரும்பித்தான் வருவேன். அந்தப் பதின்மூன்று நாளும் இந்த வீட்டில் நீங்கள் செத்துப்போனவராக இல்லை, வேலை முடிந்து வரவேண்டியவராக இருந்தீர்கள்.