விரல் வைத்த நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

புழுக்கம். மூன்று நாளாக மேகம் மட்டும், மழை இல்லை. செவ்வாய் என்பதால் பத்திர ஆபீஸ் காலி. ஒரு ரத்துப் பத்திரம் எழுதினேன், அதுவும் தகராறில் வந்தது.

எடை 98.200. போன மாதம் 98.600. நானூறு கிராம் போனதற்கு வீட்டில் மல்லிகா மூன்று வாரம் கொள்ளு ரசம் வைத்திருக்கிறாள்.

மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன். 87க்கு வந்தால்தான் என் கிட்னியை எடுத்து தங்கச்சி வளர்மதிக்கு வைப்பார்கள். திருச்சி டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார், கொடுக்கிறவரும் நல்லா இருக்கணும், உங்களையும் பேஷண்ட் ஆக்க முடியாது என்று. அடுத்து 26ஆம் தேதி வரச்சொல்லியிருக்கிறார். அதற்குள் ஐந்து கிலோவாவது இறங்கணும். மாப்பிள்ளைக்கு ரத்தம் சேரவில்லை. அம்மா அப்பா இருவரும் இல்லை. தங்கச்சிக்கு நான் ஒருவன்தான்.

முதலில் நடந்து பார்த்தேன், துறையூர் ரோட்டில். இருபது வருஷம் பத்திரம் எழுதினால் ஊரில் பாதிப்பேருக்கு முகம் தெரிந்துவிடுகிறது. "ஏன் சார் நடக்குறீங்க, ஏறுங்க" என்று வண்டியை நிறுத்துகிறார்கள். உடம்பைக் குறைக்க நடக்கிறேன் என்று ரோட்டில் நின்று சொல்ல வாய் வரவில்லை. ஏறி உட்கார்ந்துவிடுவேன். நாலு நாளில் நடந்தது மொத்தம் ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

அதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை ஜிம்மில் சேர்த்துவிட்டார். லாரிக்காரர். சிமெண்ட் லோடு இறக்கக் காத்திருந்த நேரத்தில் போனிலேயே மூன்று மாதத்துக்குக் கட்டிவிட்டார். ஜிம்மில் கொடுத்த போன் நம்பர் வளருடையது. நான் வாசல் மிஷினில் விரல் வைத்தால் அவளுக்கு மெசேஜ் போகும். உடனே எனக்கு எழுதுவாள், "சூப்பர்ணே".

இன்று ஆறாவது நாள். சொத்து விவரம் எழுதுகிற மாதிரி எழுதினால்: கிழக்கே கண்ணாடி, மேற்கே கண்ணாடி, வடக்கே கண்ணாடி, தெற்கே வாசல். இந்த எல்லைக்குட்பட்ட 98.200 கிலோ. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன். டிரெட்மில்லில் நாலாவது நிமிஷம் காதில் ஒரு இரைச்சல். நெஞ்சு படபடப்பு. கம்பியைப் பிடித்த கை வழுக்கியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அப்படிச் செத்தால் டி-ஷர்ட் ஏறி வயிறு தெரிய கிடப்பேனே என்று அதை வேறு நினைத்தேன்.

டிரெயினர் பிரபு நல்ல மனுஷன். "மூச்சு விடுங்க சார், யாரும் உங்களப் பாக்கல" என்றார். அவர் சொன்னதும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 5, வியாழன்

முகூர்த்த நாள். டோக்கன் நாற்பதுக்கு மேல். மதியம் சோறு இல்லை. இதைத் தினமும் செய்தால் எடை குறையும்.

மூணு மணிக்கு ஒரு சாட்சிக்காரப் பையன் போனை நீட்டினான். "சார், இது நீங்கதான?"

ஜிம்மில் எவனோ தன் கையை மடக்கிக் காட்டி எடுத்த ரீல். அவனுக்குப் பின்னால் நான். டிரெட்மில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, வாய் திறந்து. மேலே எழுத்து: பின்னாடி யாருன்னு பாருங்க. மூன்று சிரிப்பு மூஞ்சி.

நானும் சிரித்தேன். "ஆமாப்பா, நான்தான்." பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். டீ கொண்டுவந்தவர் பார்த்தார். பிறகு பத்திரத்தில் சர்வே நம்பரைத் தப்பாக அடித்தேன். இத்தனை வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

ஜூன் 6, வெள்ளி

விரல் வைத்தேன். கதவைத் தள்ளவில்லை.

அங்கிருந்து படி மேலே மொட்டைமாடிக்குப் போகிறது. மாடிக் கதவு பூட்டு. அதற்குக் கீழே உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பழைய ஃபிளெக்ஸ். அந்தப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே பாட்டுச் சத்தம், இரும்பு விழுகிற சத்தம். நாற்பது நிமிஷம். வியர்வை மட்டும் வந்தது. நல்லதுதான், வீட்டில் கேட்கமாட்டார்கள்.

"சூப்பர்ணே."

ஜூன் 10, செவ்வாய்

காற்று. ரோடெல்லாம் மண். மல்லிகா சொன்னவை: வெள்ளரிக்காய், முட்டை, சிலிண்டர் புக் பண்ண.

அரியலூரில் டயாலிசிஸில் படுத்துக்கொண்டே வளர் போன் செய்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு மிஷின். நாலு மணி நேரம் படுத்திருக்கணும், பொழுது போகாது. பக்கத்து பெட் அம்மாவிடம் என் மெசேஜ்களைக் காட்டுவாளாம். அந்த அம்மா போனை வாங்கிப் பேசினார். தனக்கும் ரெண்டு அண்ணன் இருக்கிறார்களாம், ஒருத்தன் போனையே எடுப்பதில்லையாம். "உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா போதும் தம்பி" என்றார்.

படியில்தான் உட்கார்ந்திருந்தேன். சரிங்கம்மா என்றேன்.

ஐந்து நாள் படி. இன்றோடு.

ஜூன் 12, வியாழன்

வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தங்கைக்கு முக்கால் ஏக்கர் தான செட்டில்மெண்ட். வாசகம் மனப்பாடம், கை தானாக அடிக்கும். அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு, யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவுடன். இன்று அந்த இடத்தில் கை நின்றது. "என்ன சார், கரண்ட் போச்சா?" என்றார் பெரியவர்.

விரல் வைக்கும்போது எல்லாரிடமும் நான் சொல்கிற ஒரு பேச்சு உண்டு. நல்லா யோசிச்சு வையுங்க, வச்சப்புறம் இல்லைன்னு சொல்ல முடியாது. இன்று பெரியவரிடமும் சொன்னேன். சாயங்காலம் ஜிம் வாசலில் போய் நானும் வைத்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு எனக்குப் பயமில்லை. நிஜமாகவே இல்லை. நாளைக்கே அறு என்றால் படுத்துக்கொள்வேன். மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், யார் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. முழிப்போடு ஒரு கண்ணாடி ரூமில் அரைமணி நேரம் நிற்கத்தான் முடியவில்லை. இதை யாரிடம் சொல்ல? காறித் துப்புவார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் பஸ் ஸ்டாண்டு. ஜெயங்கொண்டத்திலிருந்து வளர் கண்டக்டரிடம் தூக்குச்சட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். அடுக்கு நாலு. ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், நெய்ச்சோறு. மேல் அடுக்கில் வறுத்த முந்திரி.

நூறு தடவை சொல்லியாயிற்று, குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று. அது அவளுக்கு ஏறவே இல்லை. "ஒரு உறுப்பையே எடுக்கப் போறாங்க. தெம்பு இல்லாம எப்படிண்ணே?" என்கிறாள். அவள் மாமியார், பக்கத்து வீடு, எல்லோருக்கும் இதே நினைப்பு. கொடுக்கிற உடம்பு மெலியலாமா என்று.

குழம்பில் உப்பு தூக்கல். அவள் வாயில் வைத்துப் பார்க்க முடியாதே. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் அவளுக்கு. அந்த வறட்சியில் அடுப்படியில் நின்று சமைத்திருக்கிறாள். எப்படிக் கொட்டுவது? மல்லிகா வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். தின்றேன். எல்லாவற்றையும் தின்றேன். ஈரலை வழித்துத் தின்றேன்.

ஜூன் 18, புதன்

இன்று உள்ளே போவது என்று காலையிலேயே முடிவு. புது டி-ஷர்ட், கருப்பு, பெரிய சைஸ். விரல் வைத்தேன். கதவைத் தள்ளினேன். வலது கால் உள்ளே. ஒருத்தன் போனை ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். எதையோ மறந்தவன் மாதிரி பாக்கெட்டைத் தட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

படியில் அழுகை வந்தது. நாற்பத்து மூணு வயது. இரண்டு பிள்ளைக்கு அப்பன்.

"சூப்பர்ணே. இன்னையோட 21 நாள்."

ஜூன் 26, வியாழன்

திருச்சி. நானும் வளரும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. புடவை முந்தானையால் இடது கையைப் போர்த்தியே வந்தாள், ஊசி குத்திக் குத்திப் புடைத்திருக்கும் கை.

எடை 99.100.

டாக்டர் மிஷினை அணைத்துப் போட்டு மறுபடி ஏறச் சொன்னார். 99.100.

"தெனம் ஜிம்முக்குப் போறாங்க டாக்டர்" என்று வளர் போனை எடுத்துக் காட்டினாள். வரிசையாக மெசேஜ். தேதி, நேரம், வருகை பதிவானது. ஒருநாள் விடுதல் இல்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். தைராய்டு பார்க்கலாம் என்றார், வேறு ஏதாவது இருக்கலாம் என்றார், இன்னும் மூன்று மாதம் தள்ளலாம் என்றார். ரத்தம் எடுத்தார்கள். கையை நீட்டினேன். எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், நான் ஒரு பொய்யன் என்று சொல்லக் கிடைத்த இடம் அதுதான். சொல்லவில்லை.

திரும்பும்போது அவள்தான் என்னைத் தேற்றினாள். பிரபுவிடம் பேசிப்பார்க்கணும், சரியாகச் சொல்லித்தரவில்லை போல என்றாள். பாடாலூர் தாண்டி என் தோளிலேயே தூங்கிவிட்டாள். தலை கனமே இல்லை.

ஜூன் 30, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

ஆறரை மணி. படியில் இருந்தேன். கீழே யாரோ ஏறி வரும் மூச்சு. நாலு படி, நிற்பது. நாலு படி, நிற்பது. ஜிம் கதவு திறந்தது, பாட்டு பெரிதாகக் கேட்டது, மூடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்த மூச்சு, என் பக்கமாக.

வளர். கையில் தூக்குச்சட்டி. வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஜிம்மில் இருப்பார் என்று மல்லிகா சொல்லியிருக்கிறாள். பிரபுவிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இரண்டு மாடி ஏறியிருக்கிறாள். சார் விரல் வைப்பாரு, உள்ள வர்றதில்ல என்று பிரபு சொல்லியிருக்கிறார். அப்புறம் மேல்படியில் என் செருப்பு தெரிந்திருக்கிறது.

மூச்சு வாங்கியபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜிம் பையை மடியில் வைத்திருந்தேன். அதையே பார்த்தாள்.

"குடுக்க மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லண்ணே."

"அப்படியில்ல வளரு. சத்தியமா இல்ல. உள்ள போக வெக்கமா இருக்கு."

"வெக்கமா?"

அந்த ரீலைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி, மூச்சு முட்டுவது, கை வழுக்குவது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்கு மாதிரிதான் கேட்டது. வேறொருத்தன் வந்து என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"உனக்கும் பிள்ளைங்க இருக்குல்ல. நான் மிஷின்லயே ஓட்டிக்கிறேன். நீ நல்லா இரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கை கொடுத்தேன், வாங்கவில்லை. ராத்திரி தங்கச் சொல்லி மல்லிகா கெஞ்சியும் கேட்கவில்லை, கடைசி பஸ்ஸில் போய்விட்டாள். தூக்குச்சட்டியைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

தூக்குச்சட்டியை எடுத்து வந்தேன். கெட்டுப்போயிருந்தது. மீன். கழுவிக் கவிழ்த்தேன்.

மல்லிகாவிடம் எல்லாம் சொன்னேன். பிறகு, "உங்க தங்கச்சி நெனச்சதுதான் நெசமோன்னு எனக்கும் ஒரு நிமிசம் தோணிச்சுங்க" என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டாள். நன்றி சொல்லணும், சொல்லவில்லை.

அது நிஜமில்லைதானே? நேற்றிலிருந்து எனக்கே சந்தேகம். உள்ளுக்குள் எங்கேயோ கொடுக்கப் பிடிக்காமல்தான் வெட்கத்தைக் காரணம் காட்டுகிறேனோ. எவ்வளவு தோண்டினாலும் தெரியவில்லை.

வளருக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை. இன்று மிஷின் நாள், தூங்கியிருப்பாள்.

தைராய்டு ரிப்போர்ட் வந்தது. ஒன்றுமில்லை.

ஜூலை 3, வியாழன்

மழை, கடைசியில். ஆபீஸ் வாசலில் முழங்கால் தண்ணீர். வாங்கி வைத்த ஸ்டாம்ப் பேப்பர் எல்லாம் பீரோ மேலே ஏற்றினேன்.

ஆறு மணிக்கு விரல் வைத்தேன். உள்ளே போனேன்.

மழையினால் ஐந்தே பேர். ஆனாலும் அந்த ரீல்காரன் இருந்தான், போன் ஸ்டாண்டில். டிரெட்மில்லில் ஏறினேன். கண்ணை என் செருப்புக்காலில் வைத்துக்கொண்டேன், ஷூ போட மறந்திருந்தேன். நாலாவது நிமிஷம் அதே இரைச்சல், அதே நெஞ்சு. பிரபு பக்கத்தில் வந்து நின்றார். ஏழு நிமிஷம். இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், அழுகிறவன் மாதிரி.

மெசேஜ் அவளுக்குப் போயிருக்கும். எப்போதும் ஒரு நிமிஷத்தில் பதில் வரும். வரவில்லை. எட்டு மணி, ஒன்பது மணி. வரவில்லை.

"இன்னைக்கு நெசமாவே உள்ள போனேன் வளரு" என்று அடித்தேன். படித்துப் பார்த்தேன். அழித்தேன்.

நாளை வெள்ளி. அவளுக்கு மிஷின்.