செல்வம் போட்ட கையெழுத்து

புரட்டாசி, வியாழன் இரவு

தூக்கம் வரவில்லை. நாங்கள் வாங்கும் பிளாஸ்டிக் கவர்களுக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எங்கள் ஊறுகாய்க் கம்பெனிக்கு விதித்த மறுசுழற்சிக் கட்டணத்தை எதிர்த்து மனு கொடுக்க நாளைதான் கடைசி நாள். அச்சு தவறியதால் நாங்கள் திருப்பி அனுப்பிய பிளாஸ்டிக் கவர்களையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கவர் அச்சடித்துத் தரும் செல்வம், அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டால் கட்டணம் குறையும் என்றார் முதலாளி.

மாலையில் குமணன்சாவடியில் இருக்கும் செல்வத்தின் பட்டறைக்குப் போனேன். காகிதத்தைப் படித்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துக்கினு வந்தது நெஜந்தான் மேடம். இப்ப அது எங்க கீதுன்னு கேட்டா இன்னா சொல்றது? செம்பரம்பாக்கம் பக்கம் காலி மனையில போட்டுக் கொளுத்திட்டேன்."

கையெழுத்துப் போட்டால் விசாரணை உங்கள் பக்கம் திரும்பும், பட்டறையை மூடச் சொன்னாலும் சொல்வார்கள் என்றேன்.

"போடலன்னா?"

"முதலாளி வேற ஆளுகிட்ட கவர் வாங்கிடுவாரு."

உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி அதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள். செல்வம் அவள் பக்கம் திரும்பாமல் கையெழுத்துப் போட்டார்.

"கொளுத்துனது நான்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதலாளி போன் செய்தார். கொளுத்தியதையும் சேர்த்தே சொன்னேன்.

"அதை நாம எதுக்கும்மா பேசணும்? காலையில மனுவைக் குடுத்துடு."

கம்பெனி சார்பில் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். இன்னும் போடவில்லை.