தண்ணீரைப் பார்த்துச் சொன்னது

குரோய்டனிலிருந்து வரும் ட்ராமில் இன்று என் பக்கத்து இருக்கைப் பெண் நகங்களுக்குப் பொலிஷ் பூசிக்கொண்டு வந்தாள். வளைவில் ட்ராம் குலுங்கும்போது தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். நேரானதும் மறுபடி பூசுவாள். கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்பு. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் முன்னால் வந்தீர்கள். கோலியர்ஸ் வுட் வீட்டின் சமையலறை மேசை, கழுத்து வளைந்த விளக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் அதே நிறப் போத்தல்.

நான் ஆயுளில் நகத்துக்கு நிறம் பூசியவள் அல்ல. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவள், நகங்களை வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கவே பழகியவள். எங்கள் வீட்டில் இருந்த நெயில் பொலிஷ் போத்தல்கள் அத்தனையும் உங்களுடையவை. கடையில் என்னைக்கொண்டுதான் வாங்குவித்தீர்கள், ஆம்பிளை வாங்கினால் பார்ப்பார்கள் என்று. “இன்னும் கொஞ்சம் கடும் பிங்க் இருக்கோ எண்டு கேளும்” என்று பின்னால் நின்று சொல்வீர்கள். விற்கிற பிள்ளை என் கைகளைப் பார்ப்பாள்.

அந்த நிறம் ஈயத்துக்கு. கடலையளவு ஈயத் தலை, அதிலிருந்து வளைந்து வரும் ஒற்றைக் கொக்கி, கொக்கியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிய பஞ்சு போன்ற இறகு. மீனை ஏய்க்கும் அந்தத் தூண்டிலுக்கு ஜிக் என்று பெயர் என்று, மீன்பிடிக்கத் தொடங்கிய முதல் வருடமே சொல்லித் தந்தீர்கள். நான் கேட்காமலே நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த ஒரு சில விஷயங்களில் அது ஒன்று. கோஹோ சால்மன் மீனுக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் பிடிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் குளியல் தொட்டியை நிரப்பி, விளிம்பில் முழங்காலிட்டு, ஒவ்வொரு ஜிக்கையும் நூலில் தொங்கவிட்டுப் பார்ப்பீர்கள். சுண்டித் தூக்குவீர்கள். விழ விடுவீர்கள். தண்ணீருக்குள் இறகு சுருங்கி விரியும். “பாரும், மூச்சு விடுற மாதிரி இருக்கு” என்று ஒருநாள் சொன்னீர்கள். சலவைத் துணிகளோடு வாசலில் நின்ற நான் பார்த்தேன். உண்மையில் அப்படித்தான் இருந்தது.

இலண்டனில் கோஹோ இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாண்டில் ஆற்றில் கடைத் தள்ளுவண்டிகள்தான் கிடக்கும். உங்கள் மீன்கள் கனடாவின் மேற்குக் கரையில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் உங்களோடு படித்த தயாபரன் அண்ணை அங்கே இருந்தார். அவருடைய மகளின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போன நீங்கள், மழைக்குள் அவரோடு ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வந்தபோது பெட்டிக்குள் பலகாரத்தோடு ஒரு சுருள் மீன்பிடி நூலும் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் உங்கள் லீவு அங்கேதான் போனது.

“நானும் வாறனே” என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “உமக்கு அந்தக் குளிர் ஒத்துவராது.”

வந்த புதிதில், இலண்டன் குளிரில் காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு நின்று துப்புரவு வேலை செய்தவள் நான். அதைச் சொல்லிக்காட்டவில்லை. நீங்கள் கவுன்சில் வேலை முடிந்து வருவீர்கள், சாப்பிடுவீர்கள், மேசையில் இறகு கட்டுவீர்கள். அடித்தீர்களா, குடித்தீர்களா, ஒன்றுமில்லை. “உங்கட மனுசன் தங்கமானவர்” என்று நோர்பரிக் கடைக்காரி சொல்வாள். தங்கம்தான். தங்கமும் கதைப்பதில்லை.

எப்போதிருந்து கதைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மகளுக்கு முந்தியது அந்தப் பிள்ளை. மாதம் நிறைந்து, அசைவு நின்று, பெற்றெடுத்தபோது அழாத பிள்ளை. தாதி அவனைத் துடைத்து ஒரு மஞ்சள் துண்டில் சுற்றி என்னிடம் தந்தாள். முடி அடர்த்தியாக இருந்தது. நாடி உங்களுடைய அதே வடிவம். பிறகு உங்களிடம் நீட்டினாள். நீங்கள் ஜன்னலோரம் நின்றீர்கள். கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன, அவற்றை வெளியே எடுக்கவில்லை. பெயர் வைத்திருக்கிறீர்களா என்று அவள் மெல்லக் கேட்டாள். நான் உங்களைப் பார்த்தேன். “இல்லை” என்றீர்கள், ஆங்கிலத்தில், ஒரே சொல்லில்.

அடக்கத்துக்குத் தனியாகப் போய் வந்தீர்கள். நான் வீடு வந்த பிறகு, இரண்டு மூன்று தடவை பிள்ளையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். ஒரு தடவை எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டீர்கள். இன்னொரு தடவை காருக்கு எண்ணெய் பார்க்க வேண்டும் என்றீர்கள். உங்களுக்கு அது வலிக்கவில்லை என்று முடிவு செய்தேன். ஆம்பிளைகளுக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று என்னையே ஆற்றிக்கொண்டேன். பெயரில்லாத பிள்ளையை எப்படி நினைப்பது? ‘அவன்’ என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடமும் ‘அவன்’.

மகள் பல்கலைக்கழகம் போன வருடம், கேட்பதை விட்டுவிட்டு நானே என் டிக்கெட்டை வாங்கினேன். நீங்கள் சூட்கேசை இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

தயாபரன் அண்ணையின் காரை எடுத்துக்கொண்டு விடிய அங்கே போனோம். பெரிய ஆற்றிலிருந்து பிரிந்து, ஓட்டம் செத்து, விழுந்த மரங்களுக்கிடையில் கறுப்பாகக் கிடக்கும் தண்ணீர். ஸ்லூ என்பார்கள். கடலிலிருந்து ஏறி வரும் கோஹோ ஆற்றின் இழுப்பில் களைத்து, இந்த அமைதியான இடங்களில் ஒதுங்கி நிற்குமாம். மழை தூறிக்கொண்டிருந்தது. மகளின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மடக்குக் கதிரையில் நான் இருந்தேன்.

அங்கேதான் உங்களைக் கண்டேன்.

கரையில் நின்ற ஒவ்வொருவரும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீங்கள் கையை உயர்த்திச் சிரித்தீர்கள். பற்கள் தெரிகிற சிரிப்பு. தெரியாத ஒரு இளம் சோடி, எறிந்த தூண்டிலை மரக்கிளையில் மாட்டிவிட்டு முழித்துக்கொண்டு நின்றது. நீங்களே போய்க் கழற்றி, உங்கள் பெட்டியைத் திறந்து இரண்டு ஜிக் கொடுத்தீர்கள், நான் வாங்கிய பொலிஷ் பூசியவை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். அடி வரைக்கும் போக விடு. தூண்டில் தடியின் நுனியைச் சுண்டித் தூக்கு. பிறகு விழ விடு. தூக்கும்போது மீன் பார்க்கும், விழும்போதுதான் வாய் திறக்கும். அவள் பிழை விட, பிழை விட, திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். குரலில் சலிப்பே இல்லை. பகிடி விட்டீர்கள். உங்களுக்குப் பகிடி வரும் என்று அன்றுதான் அறிந்தேன்.

இந்த மனிதரை எனக்குக் கட்டித் தந்திருக்கலாமே என்று நினைத்தேன். சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நீங்கள் விழுந்த மரத்துக்கு அப்பால் இடம் மாறிப் போனபோது வால்டர் என் பக்கத்தில் வந்து இருந்தார். மரம் ஏற்றும் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், வெள்ளைத் தாடி. தன் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார்.

“உங்களைச் சந்திக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்” என்றார். “உங்கள் மகனைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஒரு மகள் இருந்தாள். அதனால்தான் என்னிடம் சொன்னார் போலும்.”

எனக்கு மகன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது.

“எலிலன்” என்றார் அவர்.

“யார்?”

“உங்கள் மகன். எலிலன். சரியாகச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. அவர் பல தடவை சொல்லித் தந்தார். என் நாக்கு அந்த மாதிரி வளையாது.”

எழிலன். கோப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை வயிற்றில் இருந்தபோதே நீங்கள் நினைத்து வைத்திருந்த பெயராம். மஞ்சள் துண்டைக்கூட வால்டர் அறிந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் முதல் மீனைப் பிள்ளையின் பெயர் சொல்லித் தண்ணீரில் விடுவீர்களாம். மனைவியும் அதை அறிந்திருப்பாள் என்றே அவர் எண்ணியிருந்தார், பாவம். அவரை நான் அந்தரப்படுத்தவில்லை. “ஓம், ஓம்” என்று தமிழிலேயே தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் தடி வளைந்தது. “இஞ்சேரும், வாரும், வந்து பாரும்” என்று கூப்பிட்டீர்கள். நான் சேற்றில் இறங்கி வந்தேன். வெள்ளியாக ஒரு மீன், பக்கவாட்டில் மெல்லிய சிவப்பு ஓட்டம். வாலுக்கு முன்னால் முதுகில் சின்னத் துடுப்பு இருந்தது. துடுப்பு வெட்டியிருந்தால் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட மீன், கொண்டு போகலாம். இருந்தால் ஆற்றிலே பிறந்தது, விட்டுவிட வேண்டும் என்றீர்கள். குனிந்து அதை இரண்டு கைகளாலும் ஏந்தினீர்கள். ஒரு கை வாலடியில், மற்றக் கை வயிற்றின் கீழ். தண்ணீருக்குள்ளே வைத்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, செவுள் திறந்து மூடத் தொடங்கும் வரைக்கும் பிடித்திருந்தீர்கள். அவசரமே இல்லை. அது தானாக நழுவிப் போன பிறகும் கைகளை அப்படியே வைத்திருந்தீர்கள்.

நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன். கண்ணாடித் துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது.

“வால்டர் எழிலன் எண்டு சொன்னார்.”

நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். நிறுத்தப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

துடைப்பானின் வேகத்தைக் கூட்டிவிட்டுச் சொன்னீர்கள்: “உம்மட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது. அங்க ஒருத்தரும் ஆளை ஆள் பாக்கிறேல்ல. எல்லாரும் தண்ணியைத்தான் பாக்கினம். அதால கதைக்கலாம்.”

“அப்ப நான் மற்றப் பக்கம் திரும்பி இருந்திருப்பன்” என்றேன். “எத்தினை வருசமெண்டாலும் இருந்திருப்பன். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

அப்போதும் நாங்கள் இரண்டு பேரும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சொல்வதற்கு அதைவிட வசதியான இடம் உங்களுக்குக் கிடைத்திருக்காது. நீங்கள் ரேடியோவைப் போட்டீர்கள்.

அதன் பிறகு நான் அங்கே வரவில்லை. நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள், வருத்தம் கண்டுபிடிக்கும் வரைக்கும். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் என் கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தேன், உங்களுக்கு என் முதுகு மட்டும் தெரிகிற மாதிரி. வெளியே கார் நிறுத்துமிடமும் ஒரு மரமும். தாதி ஒருத்தி, “அவரைப் பார்த்து இருங்கள், அவருக்கு நல்லாயிருக்கும்” என்றாள். நான் திரும்பவில்லை. ஏன் அப்படி இருக்கிறேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். நீங்கள் விளங்காதவர் அல்ல.

கடைசி வாரத்தில் ஒருநாள் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. என் உடம்பெல்லாம் காதானது.

“தேத்தண்ணி ஆறிப்போச்சு” என்றீர்கள்.

எழும்பிப் போய் வேறு தேத்தண்ணி வாங்கி வந்தேன். இரண்டு மிடறு குடித்தீர்கள். அவ்வளவுதான் எங்களுக்குள் கதை.

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் உங்கள் பொறுமையைப் புகழ்ந்தார்கள். நான் வடையைப் பரிமாறினேன். பிறகு உங்கள் ஜிக் பெட்டியை நோர்பரியில் பழைய சாமான் விற்கும் தருமக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பெட்டை ஒன்று மூடியைத் திறந்து, ஒரு ஊதா இறகைத் தூக்கிக் காதோடு வைத்துப் பார்த்து, “இது தோடோ அன்ரி?” என்று கேட்டாள். “கொக்கி இருக்கு, கவனம் பிள்ளை” என்று சொல்லிவிட்டு வந்தேன். தயாபரன் அண்ணை தொலைபேசியில் கேட்டார்: “தங்கச்சி, அவன்ர பெட்டியை இஞ்சால அனுப்பி வைக்கேலுமோ? பெடியள் ஆசைப்படுறாங்கள்.” கொடுத்துவிட்டேன் என்றேன். அவருக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். அந்தக் கரையில் நீங்கள் எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீர்கள். இந்தப் பெட்டி ஒன்றாவது என் விருப்பத்துக்குப் போகட்டும்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். வேலைக்குப் போகும்போது, சோறு வடிக்கும்போது, அது தானாக வந்து நிற்கிறது. இத்தனை காலம் ‘அவன்’ என்று இருந்தவனுக்கு இப்போது பெயர் இருக்கிறது. ஆனால் அது வரும்போதெல்லாம் முதலில் வால்டரின் குரலில், அந்த வளையாத நாக்கோடு, ‘எலிலன்’ என்றுதான் வருகிறது. பிறகு நான்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன மாதம் மகளுக்குச் சொன்னேன். தனக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்று அறிவாள், பெயரை அறியாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. “எலிலன்” என்றாள். “நாக்கை உள்ளுக்கு மடிச்சுச் சொல்லும் பிள்ளை, எழிலன்” என்றேன். மூன்று நாலு தடவை முயன்றாள். பிறகு என்னைப் பார்த்து, “அப்பா எப்பிடிச் சொல்லுவார்?” என்று கேட்டாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் வாய்க்கு வந்தபடி சொல்வதுபோல ‘எளிலன்’ என்றா, பள்ளிக்கூடத்தில் பழக்கியதுபோல ழகரத்தை நிறுத்திச் சொன்னீர்களா, எனக்குத் தெரியவில்லை.

“அதை வால்டரிட்டைத்தான் கேக்க வேணும்” என்றேன்.